படியில் பூத்த உப்பு

பின்னேர அஸர் தொழுகைக்கென்று புறப்பட்ட என் வீட்டுக்காரர் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார்.

நான் உள்ளே பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். ஊன்றுகோல் தெருவில் விழுந்து உருளும் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், சாரத்தில் ஒரு பக்கம் முழுக்கப் புழுதி. தொப்பி மடியில் கிடந்தது. கையில் உள்ளங்கையளவு சிமெந்துத் துண்டு ஒன்றை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் படியிலிருந்து பெயர்ந்த துண்டு அது.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல புள்ள. குந்தினேன்."

முழங்கை சிராய்த்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குந்துகிற ஆளுக்கு முழங்கை எப்படிச் சிராயும் என்று நான் கேட்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழும்பி, பள்ளிவாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டார்.

போன கிழமை இந்தப் பத்தியில் பாடசாலைக் கூரை பறந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதை வாசித்துவிட்டு, "இனி என்னப் பத்தித்தான் எழுதப்போறா" என்றார் என் வீட்டுக்காரர். எழுதக்கூடாதா என்று கேட்டேன். "எழுது. விழுந்தத மட்டும் எழுதாத" என்றார். எழுதிவிட்டேன். இனி என்ன செய்ய முடியும்?

இது நடந்தபோது யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கம் குடியிருந்தவர்களில் போகிறவர்கள் போய், இருக்கிறவர்கள் இங்கேயே இருந்துவிட்ட காலம். அவர் விழுவதற்கு முந்திய வருஷந்தான் அவருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. எண்ணெய் தேய்த்து, நடை பழகி, ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போய்வரும் அளவுக்குத் தேறியிருந்தார். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தொழுகை, தொழுகை முடிந்து வேப்பமரத்தடியில் நாலு பேரோடு கதை, பிறகு வீடு. அவருடைய நாள் அவ்வளவுதான். விழுந்த அன்றோடு அதுவும் நின்றுபோனது.

பின்வாசலால் போகலாமே என்று வாசகர்கள் கேட்பீர்கள். எங்கள் பின்வாசல் குசினியைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் குளிக்கும் கிணற்றடியில் போய் முடியும். ஐந்து வேளையும் இருமிக்கொண்டு அந்த வழியால் போக அவர் சம்மதிக்கவில்லை. சரிவுப் பாதை போடச் சொன்னாள் மகள். கடைசிப் படிக்கும் தெருத் தண்ணீர் ஓடும் கானுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்க இடமில்லை, சரிவை எங்கே போடுவது? மருமகன் நல்ல பிள்ளை. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கூட்டாளிமாரோடு சேர்ந்து தூக்கி இறக்குகிறேன் என்றார்.

அவர் மருமகனைப் பார்த்துச் சொன்னார்: "நாலு பேர் தூக்கிட்டு எறங்குற நாள் ஒண்டு இரிக்கி மகன். அதுக்கு முந்தி நான் நடந்துதான் எறங்குவேன்."

அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முன் அறையில் தொழுதார். தொழுது முடிந்ததும் கதிரையை வாசலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளி முடிந்து வருகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் தெருவில் வரும்போது உள்ளே எழும்பிப் போய்விடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவரோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் ஒளிந்துகொண்டதை அப்போதுதான் பார்த்தேன்.

சிவப்பு மினுக்கம்

வீடு என் சீதன வீடு. கற்பிட்டி வீதியிலிருந்து களப்புப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில் இருக்கிறது. என் வாப்பாவின் வாப்பா கொப்பறா வியாபாரத்தில் நன்றாக இருந்த காலத்தில் கட்டியது. சுவர், படி எல்லாம் சுண்ணாம்புக்கல். ஐந்து படிகள், ஏறும்போது இடது பக்கம் மட்டும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அந்தக் காலத்தில் கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்துதான் பூசியிருந்தார்களாம்.

என் கலியாணத்துக்கு முந்திய மாதம் வாப்பா அதைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெந்து பூசி, சிவப்பு மினுக்கம் போட்டார். அப்போது சிமெந்து என்றால் ஒரு கெத்து. சிமெந்து பூசாத படியில் மாப்பிள்ளை ஏறமாட்டார் என்று யாரோ வாப்பாவின் காதில் ஓதியிருக்க வேண்டும்.

கலியாணத்தன்று அந்தப் படியடியில் வைத்து என் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரமும் வாங்கிக்கொண்டான். ஈரக் காலோடு சிவப்புப் படியில் ஏறிய மாப்பிள்ளை வழுக்கி, தோழனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாராம். நான் உள்ளே அறையில் இருந்ததால் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள். அவர் அதையும் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

அந்தச் சிவப்பு இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிப்போனது. பிறகு சிமெந்து வெடித்தது. வெடித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சிமெந்து அப்பினோம். எங்கள் ஊரில் எது உடைந்தாலும் கை தானாகச் சிமெந்துப் பையைத் தேடிப் போகும். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். அவர் விழுந்தபோது மூன்றாவது படியில் எத்தனை ஒட்டு இருந்தது என்று எனக்கே தெரியாது.

ஊறுகாய்

மருமகன்தான் கதிர்வேல் பாஸைக் கூட்டிவந்தார். கட்டட வேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பழைய கல் வேலை தெரிந்த மேசன் என்று சிலாபப் பக்கம் பெயர் எடுத்தவர். நாற்பது வயதிருக்கும். மீன்பிடி ஊரான உடப்பில் பிறந்து மேசனாகப் போன காரணத்தை வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது டீச்சர். வள்ளத்தைத் தள்ளுமுன்னமே சத்தி வந்திடும். அண்ணன் தம்பி நாலு பேரும் கடலுக்குப் போறாங்க. நான் பஸ்ஸில போறன்."

வீட்டை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. படியடியில் குந்தி, பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கிணற்றடி எங்கே என்று கேட்டுப் போய், ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"படி கழுவுறது இந்தத் தண்ணியிலயா டீச்சர்?"

"ஓம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம். வெள்ளிக்கிழமைக்கு வாசல் சுத்தமா இரிக்கோணும்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து."

அவர் பூசும் கரண்டியான சாந்தகப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அவர் பதிலை விழுங்கிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையை நான் விடமாட்டேன். "மனசுல இரிக்கிறத சொல்லுங்க பாஸ்" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி, மேலால சிமெந்தப் போட்டு இறுக்கி மூடி... டீச்சர், நீங்க படியில ஊறுகாய் போட்டிருக்கிறீங்க."

வீட்டுக்குள்ளிருந்து சத்தமாய் ஒரு சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அதற்காக மட்டும் பாஸை மன்னித்தேன். மற்றபடி முப்பது வருஷமாக முதுகு வளைத்துக் கழுவிய எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் சுடும்.

பாஸ் விளங்கப்படுத்தினார். நிலத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் உப்பு கல்லுக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரத்தோடு சேர்ந்து உப்பும் மெல்ல வெளியே வந்துவிடும். சிமெந்து அதை விடாது. "கல்லு வேர்க்கோணும் டீச்சர். வழிய அடைச்சா, உப்பு கல்ல உடைச்சிட்டுத்தான் வெளிய வரும்" என்றார்.

நாலு நாள் உளிச் சத்தம். சிமெந்தைக் கொத்தி எடுத்தபோதுதான் உள்ளே கல் இருந்த கோலம் தெரிந்தது. மூன்றாவது படியின் கல் கையால் பிடிக்கப் பிடிக்கப் பொடியாய் உதிர்ந்தது. அதையும் ஐந்தாவதையும் எடுத்துவிட்டு, இடிந்த பழைய மதிலில் இருந்த நல்ல கற்கள் இரண்டைச் செதுக்கி வைத்தார். ஆற்று மண் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கிட்டவும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர்தான். நீற்றிய சுண்ணாம்பின் வாசம் வீடு முழுக்கப் பரவி, சோற்றிலும் தேத்தண்ணீரிலும் அடித்தது.

கடைசியில் படிகளின் மேல் சுண்ணாம்பு குறைவாகச் சேர்த்த ஒரு மெல்லிய பூச்சைப் போட்டார்.

"இது நிக்கிற பூச்சு இல்லை" என்றார். "உப்பக் குடிக்கிற பூச்சு. கல்லுக்குள்ள இருக்கிறத இது இழுத்துக் குடிக்கும். குடிச்சு முடிஞ்சதும் உரிச்சு எறிஞ்சிட்டு, நிக்கிற பூச்சப் போடுவன். அதுமட்டும் ஒருத்தரும் மிதிக்கப்படாது."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் எறங்குவேனா தம்பி?" அவர் வாசலில் நின்று கேட்டார்.

பாஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இறங்குவீங்க நானா."

அன்று இரவு அவர் பெருநாள் சட்டையை எடுத்துக் காட்டச் சொன்னார். பொத்தான் ஒன்று இல்லை, தைத்து வைக்கச் சொன்னார்.

காப்பு

சாமான்களைக் கட்டிக்கொண்டு போகும்போது பாஸ் ஒரு விஷயம் சொன்னார். உடப்பில் அம்மன் கோயில் திருவிழா தொடங்குகிறது. அவர் தீ மிதிக்கிற ஆள். "காப்புக் கட்டினாத் திருவிழா முடியுமட்டும் நான் ஊர் எல்லையத் தாண்டேலாது டீச்சர். ஆனா பயமில்லை, பூச்சு குடிக்கிறதுக்கு அந்த நாள் வேணுந்தானே. போன்ல கேப்பன்."

எனக்கு ஒரே ஒரு வேலை தந்தார். "படியில பூ வரும். வந்தாக் காஞ்ச தும்புக்கட்டையால தட்டி, தூள அள்ளித் தூர எறியுங்க. தண்ணி மட்டும் காட்டாதீங்க."

நான் தலையாட்டினேன். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரரின் தொழிலை இங்கே சொல்லாவிட்டால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்காது.

அவர் உப்பளத்துக்காரர். பதினாறு வயதில் பாத்தியில் இறங்கியவர், வாதம் வந்த வருஷம்தான் ஏறினார். உப்பளத்தில் பூத்தல் என்றால் வேறு. பாத்தியில் கட்டிய தண்ணீர் வெயிலில் வற்றி வற்றி, ஒரு நாள் அதன் மேல் மெல்லிய வெள்ளை விழும். உப்புப் பூத்துவிட்டது என்பார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் அத்தனை நாள் வெயிலில் நிற்கிறது. பூத்தபின் பாத்தியில் கால் வைக்கக்கூடாது, கலக்கக்கூடாது. பூ கனத்துக் கல்லாகும்வரை காவல் இருக்க வேண்டும். இடையில் மழை வந்தால் எல்லாம் கரைந்து போய்விடும். வாரிக் குவித்த உப்பென்றால் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இதனால் எங்கள் வீட்டில் நல்ல செய்தி எல்லாம் பூக்கும். மகள் பரீட்சையில் சித்தியடைந்த அன்று வாசலில் நின்றே "பூத்துட்டு!" என்று கத்தினார். எனக்கு வண்ணாத்திவில்லுப் பாடசாலையிலிருந்து ஊருக்கு மாற்றம் கிடைத்தபோதும் அப்படித்தான். மகளுக்குப் பிள்ளை உண்டான செய்தியை மருமகன் வெட்கப்பட்டுக்கொண்டு, "மாமா, பூத்துட்டு" என்றுதான் சொன்னார். வேறு சொல் அவருக்கும் வரவில்லை.

பாஸ் போய் நாலைந்து நாளில் மூன்றாவது படியில் வெள்ளை விழுந்தது. அன்று பகல் போன் வந்தது. அவர் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டார். பின்னால் கோயில் மேளம் முழங்க, பாஸ் கத்தினார்.

"நானா, படி பூத்திச்சா?"

"பூத்திச்சாவா? வெள்ள வெளேரெண்டு வந்திரிக்கி தம்பி! மூணாம் படியில ரெண்டு வெரல் அகலத்துக்கு!"

"நல்லம் நானா, நல்லம்! நல்லாப் பூக்கட்டும். பூத்து முடிஞ்சாத்தான் எங்களுக்கு மற்ற வேலை."

மேளம் கூடிவிட்டது, போன் நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் மகளின் பரீட்சை முடிவு வந்த நாள் தெரிந்தது.

நான் வீடு கூட்டும் தும்புக்கட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"கை வெக்காத!"

"தட்டி விடச் சொன்னாரே..."

"அது பூ வாறத்துக்கு முந்தித் தூசி தட்டுறதுக்கு. கேட்டா தானே, நல்லாப் பூக்கட்டும், பூத்து முடியட்டும் எண்டு சொன்னத? பூத்த உப்புல ஆராவது தும்புக்கட்டய வெப்பானா?"

உப்பு விஷயத்தில் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. தும்புக்கட்டையைக் குசினி மூலையில் சாத்தினேன். நானும் உப்பளத்துக்காரரின் பெண்சாதிதானே. பூ என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தியும் அந்தப் பாத்தியில்தான் போய் விழுந்தது.

கிடுகு

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் அவர் பழைய ஆளானார். விடிந்ததும் கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு படிக்குக் காவல் இருந்தார். ஒழுங்கையால் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஒளிந்துகொண்டவர் வெளியே வந்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன். "எங்கட படி பூத்திரிக்கி" என்று அவர் சொல்ல, கேட்டவர்களும் உப்பு ஊர்க்காரர்கள்தானே, "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் என்னை ஒரு துளி எடுத்துவரச் சொல்லி நாக்கில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் கைக்கிது. இன்னும் கனக்கோணும்" என்றார்.

பிறகு ஒரு பின்னேரம், அந்தப் பருவத்தில் வராத மழைக் கறுப்பு ஒன்று களப்புக்கு மேலே திரண்டது. அவர் பதறிப்போனார். மருமகனுக்குப் போன் போட்டு, உப்பளத்திலிருந்து கிடுகு கொண்டுவரச் சொன்னார். மருமகன் கிடுகோடு பொலிதீனும் கொண்டுவந்தார். முதலில் பொலிதீன், அதன் மேல் கிடுகு, அதன் மேல் நாலு கல். படிகள் ஐந்தும் அப்படியே மூடப்பட்டன. மழை என்று பார்த்தால் ஒரு வாளிகூட நிறையாது. ஆனாலும் இன்னொன்று வரும் என்று மூன்று நாள் திறக்க விடவில்லை.

திறந்தபோது உள்ளே புழுக்கமான ஒரு மணம் அடித்தது. படிகள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. வெள்ளை ஒரு துளியும் இல்லை.

"கரஞ்சி போச்சி" என்றார். விளைச்சல் போன வருஷங்களில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

திருவிழா முடிந்து கதிர்வேல் பாஸ் வந்தார். தீ மிதித்த கால், தரையில் பார்த்துப் பார்த்து வைத்தார். படியை விரல் முட்டியால் தட்டினார். பொத்துப்பொத்தென்று கேட்டது. சாந்தகப்பையின் நுனியால் ஓரிடத்தில் கிண்ட, பூச்சு சோறு போல வந்தது. அடியில் புதிதாக வைத்த கல்லிலும் ஈரம்.

"தட்டினீங்களா டீச்சர்?"

நான் வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கிடுகைப் பார்த்தார். பாஸும் சுவரோரம் கிடந்த கிடுகையும் பொலிதீனையும் பார்த்தார்.

"ஆர் மூடினது?"

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர். "பூத்த உப்பு மழயில போயிருமே தம்பி."

பாஸ் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். மெதுவாகப் படியடியில் குந்தினார்.

"நானா, உங்களுக்கு உப்பு வரோணும். எங்களுக்கு உப்புப் போகோணும். வெளிய வந்த உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிட்டுது. மூடாதீங்க எண்டு சொல்லாம விட்டது என்ர பிழை. படிய மூடுவாங்க எண்டு ஆர் நினைக்கிறது?"

பூச்சை உரித்து, கல்லைக் காயவிட்டு, மறுபடி குடிக்கிற பூச்சு, மறுபடி காத்திருப்பு. பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஒரு விசயந்தான் எனக்குத் தெரியும் எண்டு நெனச்சிட்டு இரிந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெருநாள்

எனக்கு எல்லார் மேலும் கோபம். பாஸ் மேல், அவர் மேல், தும்புக்கட்டையைச் சாத்திவைத்த என் மேல். அந்தக் கோபத்தோடு ஊரில் வேறொரு மேசனை விசாரித்தேன். சிமெந்து போட்டு இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். வரச் சொல்லிவிட்டுத்தான் இவரிடம் சொன்னேன்.

"வேணாம்" என்றார். "ரெண்டு நாள்ல போட்டா ரெண்டு வருசத்துல திரும்ப இதே கததான். அப்ப எனக்கு எந்தக் கால் இரிக்கும்? பெருநாள் அடுத்த வருசமும் வரும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பொத்தான் தைத்த சட்டையை நான் அலுமாரிக்குள் வைக்கப்போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாஸ் பூச்சை முழுக்க உரித்து எடுத்தார். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஐந்து படியும் வெறுங் கல்லாக நின்றன. அழகில்லை, ஆனால் அசைவுமில்லை. பாஸ் ஒவ்வொன்றிலும் ஏறிக் குதித்துக் காட்டினார்.

"பூச்சு சட்டை மாதிரி நானா. அது இல்லாட்டியும் ஆள் நிப்பான். பெருநாளைக்கு நீங்க இறங்கலாம். அது முடிய நான் பூச்சப் போடுறன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவருக்கு அப்படி இல்லை. கல் சொரசொரப்பு என்றார். செருப்பு வழுக்கும் என்றார். அன்று வெயில் கூட என்றார். ஒவ்வொன்றுக்கும் பாஸ் ஒரு பதில் சொன்னார். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாட்டுகள் எல்லாம் தீர்ந்துபோயின.

"எனக்குப் பயம் தம்பி" என்றார்.

என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லாத சொல் அது. இத்தனை மாதமும் படி, படி என்று படியைத் திருத்திக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

"நெருப்புல எறங்கக்குள்ள ஒங்களுக்குப் பயமில்லையா?"

"பயமில்லாமலா? பதினைஞ்சு வருஷமா இறங்கிறன், ஒவ்வொரு வருஷமும் பயந்தான். அதப் போய் ஆரிட்டயும் சொல்லிடாதீங்க." பாஸ் சிரித்தார். அவரும் சிரித்தார். "நானா, ஏணியில நாங்க எப்பிடி இறங்கிறம்? முன்னுக்குப் பாத்தா? வீட்டப் பாத்துக்கொண்டு பின்பக்கமா இறங்குங்க. கைப்பிடிச் சுவர் இடது கைக்கு வரும். சரியில்லாத கால முதல்ல வைங்க, நல்ல கால் மேல நிண்டு தாங்கும்."

"ஆக்கள் பாத்துச் சிரிப்பானுகள்."

"சிரிக்கட்டும். விழுந்தா மட்டும் அழவா போறாங்க?"

இந்தப் படிகளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. பெருநாள் முடிந்து பாஸ் மறுபடி குடிக்கிற பூச்சைப் போட்டார். நான் நாள் தவறாமல் தட்டினேன். பிறகு நிற்கிற பூச்சு வந்தது. பால் வெள்ளை, எங்கேயும் வெடிப்பில்லை. வியாழக்கிழமைகளில் நான் கூட்டுவதோடு சரி. பூச்சைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

பெருநாளன்று காலை பள்ளி ஒலிபெருக்கியில் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. அத்தர் பூசி, சட்டை போட்டு, தொப்பியைச் சரிபார்த்து வாசலுக்கு வந்தார். ஊன்றுகோலை மருமகன் வாங்கிக்கொண்டு கீழே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "கைய மடக்கு மகன், கோழியா பிடிக்கப் போறா?" என்று ஓர் அதட்டல் போட்டார். மருமகன் கையை மடக்கினார்.

பிறகு திரும்பி நின்றார். இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். முதுகு தெருவுக்கு, முகம் எனக்கு.

கலியாணம் முடித்த நாளிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை அவர் இந்த வாசலால் போயிருப்பார். உப்பளத்துக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு. போகிறபோது நான் கண்டதெல்லாம் முதுகுதான். வாசலில் நான் நிற்கிறேன் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே போனார். வலது கால் இறங்கித் தேடி, கல்லைத் தொட்டது. உதடு மெல்லத் தக்பீர் சொன்னது. இடது கால் இறங்கியது. ஒரு படி. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கண் என்னை விட்டு அகலவில்லை. இரண்டு. மூன்றாவதில் கால் கொஞ்சம் நடுங்கியது, நின்றார். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். நாலு. ஒழுங்கையால் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து.

தெருவில் இரண்டு காலும் ஊன்றின. ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்துக்குப் புள்ள அழுறா? பள்ளிக்குத்தானே போறேன்."